சூடான பிறகு கிளம்பாத வண்டி

1

விமான நிலைய வாசல், சென்னை
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

காலையில்தான் உன் கையால் இட்லி சாப்பிட்டேன். அதற்குள் சுகமா என்று கேட்டால் சிரிப்பாய். அப்பாவின் முட்டி வலியை மட்டும் விசாரித்ததாகச் சொல். இந்தத் தாளை என்னை இறக்கிவிட்ட டாக்சியிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வண்டியைப் பற்றி வாயால் சொன்னதை நீ மறந்துவிடுவாய். எழுதியதை மறக்க மாட்டாய். கல்லூரி லேபில் வேலை பார்த்தவள்.

மற்ற கார் என்ஜின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. முக்கோணமான ஓர் இரும்புத் துண்டு ஒரு கூட்டுக்குள் சுற்றும். அதற்கு ரோட்டர் என்று பெயர். உன் வண்டியில் அப்படி இரண்டு. ஒவ்வொன்றின் மூன்று முனையிலும் மெல்லிய பட்டையாக ஒரு சீல். உயிர் அங்கேதான் இருக்கிறது. சீல் தேய்ந்தால் அழுத்தம் போகும். அழுத்தம் போனால் என்ஜின் போனது.

ஸ்டார்ட் செய்தால், சூடு முள் நடுவுக்கு வரும்வரை ஆஃப் செய்யாதே. பத்தடி நகர்த்தத்தான் என்றாலும் கூடாது. ஆயில் குடிக்கும். பயப்படாதே, சீலை நனைப்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பார். எப்போதும் மெதுவாகவே ஓட்டினாலும் கெடும். நன்றாகச் சூடேறிய பிறகு, நாளுக்கு ஒரு முறை, இ.சி.ஆர். காலியாக இருக்கும் இடத்தில் என்ஜின் வேக முள்ளைச் சிவப்புக் கோடு வரை கொண்டுபோ. உள்ளே இருக்கும் கரி எரிந்து போகும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட எடுக்காதே.

கல்லூரி வேலையை விட்டதை நினைத்து உட்காராதே. கல்யாண ஷூட்டுக்கு இந்த மாதிரி வண்டி செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரி வரை வேறு யாரிடமும் இல்லை. நான் பார்த்துச் சொன்ன வண்டி. நான் பொறுப்பு.

தம்பி,
ஆல்வின்


2

மாமல்லபுரம்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள ஆல்வின்,

கர்த்தர் காப்பதால் சுகம். அப்பாவும் சுகம். ஷார்ஜாவில் குளிர் என்று செய்தியில் பார்த்தேன். காதை மூடிக்கொள்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நீ தெருவோடு பேசுகிறாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். காகிதத்தில் அது முடியாது.

முதல் ஷூட் முடிந்தது. சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவருக்கு வெளியே. போட்டோகிராபர் பெயர் ஷாரோன். கேமராவைக் கழுத்திலிருந்து இறக்காமலே டீ குடிப்பான். அவன் ஆரம்பிப்பதற்குள் வண்டி ஆறிவிட்டது.

“மேடம், ஒரு பத்தடி முன்ன வாங்க. ஸ்டாப். ஆஃப் பண்ணுங்க, பொண்ணு பொடவைல அனல் அடிச்சிகினு கீது.”

“ஆஃப் பண்ணக் கூடாது. சூடாகணும்.”

“இன்னா மேடம், வண்டியா பாலா? சூடாகணும்ன்றீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆஃப் செய்தேன். மறுபடி பத்தடி பின்னால். ஆஃப். வெயில் சரியில்லை, மறுபடி. ஒன்பது முறை. பத்தாவது முறை கிளம்பவில்லை. பெட்ரோல் நாற்றம் மட்டும்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் தள்ளினார்கள். “மச்சான், இது காரு இல்லடா, தேரு. வடத்தப் புடிடா.” ஷாரோன் அதையும் எடுத்தான். ஆல்பத்தின் அட்டையில் அந்தப் படம்தான் வரப்போகிறதாம்.

நீ எழுதியதை நான் மீறினேன். அது தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் வண்டி பத்தடிதான் போகும். பத்தடி போய் நிற்பதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இதை நாம் இருவருமே யோசிக்கவில்லை.

என்ன செய்யட்டும்?

ரூத்


3

ஷார்ஜா
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. நான் சுகம். அறையில் எட்டுப் பேர், ஏழு பேருக்கு இருமல், எனக்கு இல்லை.

பயப்பட ஒன்றும் இல்லை. குளிர்ந்த என்ஜினை உடனே ஆஃப் செய்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். சீலில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். அப்போது ஆக்சிலேட்டரைத் தரை வரை அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பு. பெட்ரோல் வருவது நின்றுவிடும், தேங்கியது வெளியேறும். பிறகு காலை எடுத்துவிட்டு மறுபடி திருப்பு. எங்கள் ஒர்க்ஷாப்புக்குத் தினம் இப்படி ஒரு வண்டியாவது வரும். ஃபோர்மேன் பிலிப்பைன்ஸ்காரர். பாதித் தூக்கத்தில் சரி செய்துவிடுவார்.

ஷூட்டுக்கு அரை மணி முன்னதாகவே கிளம்பி, கல்பாக்கம் வரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போ. சூடான வண்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆஃப் செய்யலாம், கிளம்பும்.

அப்பாவுக்கு முட்டியில் தடவ ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி,
ஆல்வின்


4

மாமல்லபுரம்
22 மார்ச் 2024

அன்புள்ள ஆல்வின்,

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? போனில் உன் முகம் சின்னதாகத் தெரிந்தது என்று அப்பா சொன்னார். போன் சின்னது என்றேன்.

ஆக்சிலேட்டர் வித்தை பலித்தது. நன்றி.

ஆனால் வேறொன்று. ஒரு மாதமாக விடியற்காலைத் தூக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கனவென்று நினைத்தேன். ஒரு நாள் எழுந்து போய்ப் பார்த்தால் அப்பா டிரைவர் சீட்டில். லுங்கியும் தலையில் துண்டும்.

“இன்னாப்பா பண்ற?”

“பேட்டரி எறங்காம இருக்க வேணாவா? டெய்லி ரெண்டு நிமிசம் போட்டு உடறேன்.”

“ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணா என்ஜின் போயிடும்பா. உன் புள்ளதான் எழுதிக் குடுத்திருக்கான்.”

“போவட்டும். மேட்டுத் தெருவுக்குக் கேட்டுச்சா இல்லியா?”

இருபது வருடம் ரிசார்ட் வாசலில் நின்று அடுத்தவர் கார்களுக்குக் கேட் கம்பத்தைத் தூக்கிவிட்டவர். மேட்டுத் தெருக்காரர்களின் கார்களுக்கும். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. உன்னைப் பற்றி மட்டும் மற்றவர்களிடம் பேசுகிறார். “எம் புள்ள ஷார்ஜாவுல என்ஜின் டாக்டரு. இந்த வண்டியத் தொட்டுப் பாத்தே ஓகே பண்ணான்.”

எதிரே உள்ள சிற்பப் பட்டறையின் கருங்கல் தூசி ஏர் ஃபில்டரில் அடைகிறது. தட்டினால் வெள்ளையாகக் கொட்டும். யாருடைய மூக்கோ, யாருடைய தோளோ.

இப்போது விஷயம். நீ சொன்னபடி சூடாக்கிக்கொண்டுதான் போகிறேன். காலையில் முதல் திருப்பிலேயே கிளம்புகிறது. சூடான பிறகுதான் கிளம்பவில்லை. புதுப்பட்டினம் பங்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன். இருபது நிமிடம் அசையவில்லை. பின்னால் நின்ற மீன் வண்டிக்காரன் திட்டியதை எழுத முடியாது. ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.

இது நீ எழுதியதற்கு நேர் எதிர். குளிர்ந்தால் வருகிறது, சூட்டில் வரவில்லை. ஏன்?

வாங்கும் அன்று நீ ப்ளக்கைக் கழற்றி, அழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்துப் பார்த்தாயே. இரண்டு ரோட்டருக்கும் என்ன எண் வந்தது? எழுது. லேப் பழக்கம், எண் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

ரூத்


5

ஷார்ஜா
9 மே 2024

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. ரம்ஜானுக்குப் பிறகு வேலை அதிகம். மழை வேறு வந்து ஊரே தண்ணீரில் நின்றது. சுகம்தான். கையில் மட்டும் தோல் உரிகிறது, நாள் முழுவதும் தண்ணீரிலேயே நிற்பதால். மருந்து போடுகிறேன்.

எண் எழுதி வைக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

சூட்டில் கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டார்ட்டர். பழையது மெதுவாகச் சுற்றும். இந்த வண்டிக்கே வேகமான ஸ்டார்ட்டர் ஒன்று தனியாக வருகிறது. அதைப் போடு. பேட்டரியையும் மாற்று. கடல் காற்றில் இக்னிஷன் காயில் அரித்திருக்கும், நான்கையும் மாற்றிவிடு. பாகங்கள் கிடைக்கும் இடம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

என்ஜினைப் பிரிக்க யாரையும் விடாதே. நம் பக்கத்தில் இதைத் தெரிந்தவர்கள் கிடையாது.

அப்பாவைத் திட்டாதே.

ஆல்வின்


6

மாமல்லபுரம்
13 ஜூன் 2024

அன்புள்ள ஆல்வின்,

கை எப்படி இருக்கிறது? தேங்காய் எண்ணெய் தடவு.

ஸ்டார்ட்டர், பேட்டரி, காயில், மூன்றும் மாற்றினேன். பி.எஃப். எடுத்ததில் மிச்சமிருந்தது அதோடு முடிந்தது. வண்டி சூட்டிலும் கிளம்பியது. அன்று இரவு ஜெபத்தில் உன் பெயரை இரண்டு முறை சொன்னேன்.

பதினைந்து நாள்.

சனிக்கிழமை ஒரு கல்யாணம். ஷூட் இல்லை, நிஜக் கல்யாணம். கோவளத்திலிருந்து நம் ஊர் ரிசார்ட்டுக்கு மணப்பெண்ணை அழைத்து வர வேண்டும். பெயர் ஜெனிட்டா. வெள்ளை கவுன் பின் சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டது. டோல் கேட் வரிசையில் வண்டி இருமியது. நின்றது. பிறகு கிளம்பவில்லை. ஆக்சிலேட்டர் வித்தை இல்லை, புது ஸ்டார்ட்டர் இல்லை, எதுவும் இல்லை. மதியம் பன்னிரண்டரை வெயில்.

“அக்கா, நான் எறங்கி நடக்கட்டுமா?” அழாமல்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. உள்ளே நம் தெருக் கன்னியம்மா, கருவாட்டுக் கூடையோடு. கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். “ஏறு கண்ணு. நாத்தம் பாக்காத, மாப்ள காத்துகினு கீறாரு.” மணப்பெண் கருவாட்டு வாசத்தோடு கல்யாணத்துக்குப் போனாள்.

ரிசார்ட்டில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் சியாமளாவைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. தை வரைக்கும் எல்லா ஷூட்டும் எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தவள். கத்தவில்லை. “இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா, சாரி ரூத்,” என்றாள். அவ்வளவுதான்.

ஆல்வின், கல்லூரியில் என் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். திரும்பிப் போக முடியாது. இந்த வண்டி ஓடினால் எனக்கு வேலை உண்டு. ஓடாவிட்டால் இல்லை. இதில் நடுவே எதுவும் கிடையாது.

செங்கல்பட்டில் மேம்பாலத்துக்குக் கீழே பக்தவத்சலம் என்று ஒரு மெக்கானிக். டீசல் வேன் பார்ப்பவர். இந்த என்ஜினைத் தொட்டதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கத் தெரியுமாம். காட்டலாம் என்றிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ரூத்


7

ஷார்ஜா
20 ஜூன் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, பார்த்தேன். பதிலை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்கட்டும் என்று.

யாரிடமும் காட்டாதே. டீசல் மெக்கானிக்குக்கு இதில் ஒன்றும் புரியாது. ப்ளக் மரையைக் கெடுத்துவிடுவார். கேஜ் வைக்கவே வேண்டாம். நான்தான் வைத்துப் பார்த்தேனே.

டிசம்பரில் வருகிறேன். அதுவரை வண்டியை மூடி வை.

அப்பாவுக்குத் தைலம் இதோடு இருக்கிறது.

ஆல்வின்


8

மாமல்லபுரம்
3 ஜூலை 2024

அன்புள்ள ஆல்வின்,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். தைலம் அப்பாவுக்கு ஒத்துக்கொண்டது.

காட்டிவிட்டேன்.

பக்தவத்சலம் பானெட்டைத் திறந்து, குனிந்து உள்ளே தேடினார். “இன்னாம்மா இது, உள்ள ஒண்ணுமே காணோம்? என்ஜினா, மாவு அரைக்கிற மெசினா?” ப்ளக்கைக் கழற்றினார். மரை கெடவில்லை. ஒரு கட்டைவிரலால் கேஜின் பக்கத்திலிருந்த சின்ன வால்வை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். “நீ சாவியத் திருப்பு. நிறுத்தாத. முள்ளப் பாரு. மூணு மூல கீதில்ல, மூணு தபா துள்ளணும். ஒரே ஒசரம்.”

முன் ரோட்டர் துள்ளியது. மூன்று. உயரம் குறைவு, ஆனால் மூன்றும் சமம்.

பின் ரோட்டர். ஒன்று. இரண்டு. பிறகு முள் படுத்துக்கொண்டது. மறுபடி ஒன்று, இரண்டு. படுத்தது.

“ஒரு சீலு செத்துப்போச்சும்மா. இப்ப இல்ல, ரொம்ப நாளாச்சு. அதான் சூட்டுல வர மாட்டேங்குது. ஆமா, வாங்கச்சொல்லோ யாரும் பாக்கலியா?”

“என் தம்பி பார்த்தான். இதே மாதிரி கேஜ்தான்.”

“வால்வ அமுக்கிப் புடிச்சிகினு பாத்தாரா?”

நான் யோசித்தேன். நன்றாக நினைவிருக்கிறது. நீ பிடிக்கவில்லை. முள் ஒரே ஏற்றமாக ஏறி அங்கேயே நின்றது. அந்த எண்ணை நீ அப்பாவிடம் காட்டினாய், அப்பா விற்றவரிடம் காட்டினார்.

“அப்ப மூணு மொகத்துல எது நல்ல மொகமோ அத மட்டும்தான் காட்டும். செத்தது தெரியாது,” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எனுக்கும் தெரியாதும்மா. நேத்துதான் எம் பொண்ணு போன்ல வீடியோ போட்டுக் காட்டிச்சு. வெள்ளக்காரன் ஒருத்தன். அவன் பேசனது புரியல. முள்ளு புரிஞ்சுது.”

பத்து நிமிட வீடியோ, ஆல்வின்.

நீ ஆறு வருடமாக அங்கே இருக்கிறாய். ஒன்று, தெரிந்தே மறைத்தாய். அல்லது உனக்குத் தெரியவே தெரியாது. இரண்டில் எது மோசம் என்று, அன்று வண்டியை அவரிடமே விட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியும் முடிவுக்கு வரவில்லை.

நாள் முழுவதும் தண்ணீரில் நிற்பதால் கை உரிகிறது என்று எழுதியிருந்தாய். மெக்கானிக்கின் கையில் கிரீஸ் அல்லவா இருக்கும்.

அங்கே உன் வேலை என்ன?

ரூத்


9

மாமல்லபுரம்
11 ஆகஸ்ட் 2024

ஆல்வின்,

சுகம். சுகமா.

ஆறு ஞாயிறு ஆயிற்று. அப்பாவோடு பேசுகிறாய். நான் போனை வாங்கினால் சிக்னல் போய்விடுகிறது. அவரிடம் சிக்னல் நன்றாக இருக்கிறது.

ஆடி முடியப்போகிறது. ஆவணிக்கு மூன்று ஷூட்கள் கேட்டிருந்தார்கள். மூன்றையும் வேண்டாமென்றேன். சியாமளா வேறு வண்டி பார்த்துக்கொண்டாள். பழைய ஜீப். பத்தடி போகிறது, நிற்கிறது, கிளம்புகிறது.

அப்பா தினமும் வண்டியைத் துடைக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை அவரிடம்.

ரூத்


10

ஷார்ஜா
9 செப்டம்பர் 2024

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் வண்டி கழுவுகிறேன். வந்த நாளிலிருந்து. என்ஜின் பார்க்கும் இடத்துக்கும் கழுவும் இடத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை உண்டு. வேலை முடிந்த வண்டி திரையைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வரும். சோப்புப் போட்டு, துடைத்து, டயருக்குப் பளபளப்பு ஏற்றி வெளியே விடுவேன்.

ரோட்டரி வண்டிகள் நிறைய வரும். அது பொய்யில்லை. ஃபோர்மேன் வாடிக்கையாளர்களிடம் சொல்வதைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவர் ஒரே பதில்களைத்தான் சொல்வார். சூடாகும் முன் ஆஃப் செய்யாதே. ஆயில் பார். சிவப்புக் கோடு. உனக்கு நான் எழுதிய எதுவும் தவறில்லை. கேட்டதை அப்படியே எழுதினேன். கேஜ் வைப்பதைத் திரை இடுக்கில் பார்த்திருக்கிறேன். அவர் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று அங்கிருந்து தெரியாது.

முதல் வருடம் அப்பாவிடம் மெக்கானிக் என்றேன். அடுத்த வருடம் அவரே டாக்டர் ஆக்கிவிட்டார்.

வண்டி வாங்கிய அன்று காலை, விற்றவர் என்னைச் சார் என்று கூப்பிட்டார். அப்பா அதைக் கேட்டார். கேட்டதும் அவர் நின்ற விதமே மாறிப்போனது. நீயும் பார்த்தாய். எனக்குத் தெரியாது என்று சொல்ல அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

இது அல்ல பெரிய குற்றம். இதை மட்டும் எழுதினால் நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

உன் மார்ச் கடிதம் வந்ததும் ஃபோர்மேனிடம் கேட்டேன். காலையில் கிளம்புகிறது, சூட்டில் கிளம்பவில்லை. அவர் நிமிரவே இல்லை. சீல் போய்விட்டது என்றார். வேகமான ஸ்டார்ட்டர் போட்டால் கொஞ்ச நாள் மறைக்கலாம் என்றார். அதற்குள் விற்றுவிடச் சொல் என்றார். மூன்று வரி. முதலாவதை உனக்கு எழுதவில்லை. மூன்றாவதையும் எழுதவில்லை. நடுவில் இருந்ததை எழுதினேன்.

ஒரு மாதம் யோசித்துத்தான் அப்படி எழுதினேன்.

அந்த மூன்றாவது வரியை இப்போது எழுதுகிறேன். விற்றுவிடு. வருபவரைக் காலையில் வரச் சொல். குளிர்ந்திருக்கும்போது காட்டு. முதல் திருப்பில் கிளம்பும். வேறொன்றும் சொல்ல வேண்டாம். நம்மிடம் விற்றவரும் காலையில்தான் வரச் சொன்னார்.

அப்பாவிடம் மட்டும் சொல்லாதே. டிசம்பரில் லீவு இல்லை.

ஆல்வின்


11

மாமல்லபுரம்
24 நவம்பர் 2024

ஆல்வின்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் முதல் வரியில் நின்றுவிட்டேன். சுகமா என்று எழுத வேண்டிய வரி. இப்போது அதைத் தாண்டி எழுதுகிறேன்.

அக்டோபரில் ஷபீர் வந்தான். புதுப்பட்டினத்தில் போன் கடை வைத்திருப்பவன். மாதக்கணக்காக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

“காலைல வரட்டாக்கா?”

“மத்தியானம் வா.”

கூட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் வரை போனேன். நல்ல வெயில். முள்ளைச் சிவப்புக் கோடு வரை ஏற்றினேன். அந்தச் சத்தத்துக்கு அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். மீன் மார்க்கெட் ஓரம் நிறுத்தி ஆஃப் செய்து சாவியை அவன் கையில் கொடுத்தேன். “இப்ப ஸ்டார்ட் பண்ணு.”

ஐந்து முறை திருப்பினான். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று துள்ளல், இரண்டு துள்ளல், எல்லாம்.

“இன்னாக்கா, உன் வண்டிக்கு நீயே எதிர் சாட்சி சொல்ற? பேஜாருக்கா நீ.” டீ வாங்கிக் கொடுத்தான். வண்டி ஆறும்வரை கூடவே உட்கார்ந்திருந்தான். வாங்கவில்லை.

நான் நல்லவள் என்று இதை எழுதவில்லை. உன் மூன்றாவது வரி என் வாயில் வரவில்லை. அவ்வளவுதான். வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு சியாமளா கூப்பிட்டாள். என்ஜின் இல்லாமல் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாக. ரிசார்ட் புல்தரையில், கடலைப் பார்த்தாற்போல் நிறுத்தி வைக்க. ஜோடிகள் உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள. பக்தவத்சலம் வந்து என்ஜினை இறக்கினார். மூன்று பேர் மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவு சின்னது. எடைக்குப் போனது. வண்டியை ரிசார்ட்டே வாங்கிக்கொண்டது என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

வண்டியோடு எனக்கும் ஒரு வேலை. காலை ஏழு மணிக்குப் போய்க் கண்ணாடியிலும் கதவிலும் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். ஜோடிக்கு ஜோடி மறுபடி துடைக்க வேண்டும். விரல் அச்சு விழக் கூடாது. மணப்பெண் இறங்கும்போது கதவைத் திறந்து புடவைத் தலைப்பைப் பிடிக்க வேண்டும். ஷாரோன் மட்டும்தான் வந்தால் பேசுவான். “இப்ப கூலாயிடுச்சா மேடம் வண்டி?” மற்றவர்கள் படத்தில் நான் விழாத இடமாகப் பார்த்து நிற்கச் சொல்வார்கள். சோப்பில் கை காய்கிறது. இதைப் பற்றி உன்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை, ஆனால் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

முதல் நாள் வேலை முடிந்து வரும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்தேன். என்னைப் பற்றியும் உன்னைப் பற்றியும். உன்னைப் பற்றித்தான் முதலில். வரிகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

வாசலில் நாற்காலி. பக்கத்தில் கன்னியம்மா. மேட்டுத் தெருவிலிருந்து ஒருவர், ஏதோ கேட்க வந்தவர், நின்றுகொண்டிருந்தார். அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து, மேட்டுத் தெருக்காரர் நின்று, நான் பார்த்ததில்லை.

“இதோ வந்துட்டா. நான் கேட்டு தொறந்த அதே ரிசாட்டு. இன்னா வேலம்மா குட்த்தாங்க, சொல்லு.”

“மேனேஜர்,” என்றேன்.

யோசிக்கவில்லை, ஆல்வின். ஒரு நொடிகூட இல்லை. சரளமாக வந்தது.

“காருங்களுக்கு எல்லாம் இவதான் மேனேஜரு,” என்று அப்பா அந்த மனிதரிடம் சொன்னார். பிறகு என்னிடம், “உனுக்குக் கீழ எத்தினி பேரு?”

“ஆறு பேர்.”

கன்னியம்மா என் கையைப் பார்த்தாள். நான் உள்ளே போய் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். வாசலில் அப்பா ஆறு, ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் உன்னிடம் கேட்பார், அக்கா சொன்னாளா என்று. ஆறு என்று சொல். மாற்றிச் சொல்லிவிடாதே.

ரூத்